சட்டத்தரணியாக இருந்து அரசியலுக்கு: கமலா ஹாரிஸின் வழி எங்களுக்குப் பொருந்துமா?

சட்ட மாணவி, திருநெல்வேலி (யாழ்ப்பாணம்):
1990இல் சட்டத்தரணியான கமலா ஹாரிஸ், 2004இல் சான் பிரான்சிஸ்கோவின் மாவட்ட வழக்குத்தொடுநராகவும், 2011இல் கலிபோர்னியாவின் சட்டமா அதிபராகவும், 2017இல் செனட்டராகவும், 2021இல் துணை ஜனாதிபதியாகவும் பதவியேற்றார். இலங்கைத் தமிழரான எங்கள் அரசியலையும் ஜீ. ஜீ. பொன்னம்பலம், செல்வநாயகம், அமிர்தலிங்கம் எனச் சட்டத்தரணிகளே நடத்தினார்கள். அந்த வரிசையில் ஒரு பெண்ணின் பெயரை என்னால் சொல்ல முடியவில்லை. ஏன்?

சட்டத்தரணி, கொக்குவில்:
தங்கச்சி, அங்கே மாவட்ட வழக்குத்தொடுநரையே மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். 2003இல் தன் முன்னாள் மேலதிகாரியையே தோற்கடித்துத்தான் அவர் அந்தக் கதிரைக்கு வந்தார். இங்கே சட்டமா அதிபர் திணைக்களத்து அரச சட்டத்தரணி நியமனம் பெற்ற அரச ஊழியர்; நீதிமன்றத் தொழிலுக்குள்ளேயே வாக்குக் கேட்டுப் பழகும் முதற்படி எங்களிடம் இல்லை.

அந்தப் பழக்கம் இலேசானதும் அல்ல. பதவியேற்று நான்கு மாதமும் ஆகாத நிலையில் ஐசக் எஸ்பினோசா என்ற பொலிஸ் உத்தியோகத்தர் சுட்டுக் கொல்லப்பட்டார். மரண தண்டனை கோரமாட்டேன் என்று கமலா அறிவித்தார். இறுதிச் சடங்கில் செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் மரண தண்டனையே வேண்டுமென்று பேச, தேவாலயம் நிறைந்திருந்த பொலிஸார் எழுந்து கைதட்டினார்கள். கமலாவும் அங்கேதான் இருந்தார். இருந்தும் முடிவை மாற்றவில்லை. அவரது வாழ்வில் நான் மிகவும் மதிக்கும் இடம் இது. ஆனால் சட்டமா அதிபரான பின், மாநிலத்தின் மரண தண்டனை முறை அரசியலமைப்புக்கு முரணானது என்ற 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்தவரும் அவரே என்பதையும் சேர்த்து வாசியுங்கள்.

முன்னாள் பிரதேச சபை உறுப்பினர், சுன்னாகம்:
எங்களுக்கு இருக்கும் முதற்படி உள்ளூராட்சி மன்றம். 2018 தேர்தலில்தான் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. பாராளுமன்றத்துக்கு அப்படியொரு ஒதுக்கீடு இல்லை. அங்கே வேட்பாளர் பட்டியலில் யார் இருப்பதென்பதைக் கட்சிகளே தீர்மானிக்கின்றன.

ஒரு தாய், சாவகச்சேரி:
மகள், நான் சட்டம் படித்தவள் அல்ல. மகனின் படிப்புக்காக என் சீதனக் காணியை விற்கப் போனபோது, நொத்தாரிசு உறுதியின் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து, "இதில் உங்கள் கணவரும் ஒப்பமிட வேண்டும், அம்மா" என்றார். என் கணவர் எட்டு வருடமாக எங்களோடு இல்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் காணியைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென்பது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமாம். நீதிமன்றத்தின் அனுமதி பெறுவதற்குள் பல தவணைகள் போய்விட்டன.

என் வழக்கைப் பேசியவர் ஒரு பெண் சட்டத்தரணி. இதே சிக்கலோடு வந்த பெண்களின் கோவைகளை மேசையில் அடுக்கிக் காட்டி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுமதி வாங்கித் தர மட்டுமே தன்னால் முடியும், அந்தப் பிரிவை நீக்குவது பாராளுமன்றத்தின் வேலை என்றார். அவர் தேர்தலில் நின்றிருந்தால் எங்கள் ஒழுங்கை முழுவதும் வாக்களித்திருக்கும். ஒரு கட்சியும் அவரை வந்து கேட்கவில்லை.