பீச் காப்ளர்: மேலே பிஸ்கட்டா, கரைச்ச மாவா?

வெண்ணெய்க்கட்டி:
ஜூன் பிறந்தா போதும், அமெரிக்காவில் இருக்கிற நம்ம ஆளுங்க கிட்டேருந்து இதே கேள்வி: "வீட்டுக்குப் பன்னிரண்டு பேர் வர்றாங்க, பீச் காப்ளரை எந்த முறையில் செய்யறது?" காப்ளர்னா பழத்தை மாவோட சேர்த்து ஓவனில் சுடற அமெரிக்க இனிப்பு. என் பதில் ஒண்ணுதான். பிஸ்கட் மூடி போட்டது. ஒரு கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் பால்னு கரைச்சு ஊத்தி, அதுமேல பழத்தைக் கொட்டி வேகவைக்கறாங்களே, அது பழ கேக். காப்ளர்னு கூப்பிட்டா காப்ளர் ஆயிடுமா?

பிஸ்கட்னா டீயில் முக்கறது இல்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் காலையில் சாப்பிடற, ஈஸ்ட் போடாத மெத்து பன். 9×13 இஞ்ச் தட்டுக்கு அளவு: மைதா 240 கிராம், சர்க்கரை 50, பேக்கிங் பவுடர் 1 மேசைக்கரண்டி, உப்பு அரை தேக்கரண்டி, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெய் 85 கிராம், கெட்டியான பட்டர்மில்க் 180 மில்லி. வெண்ணெயைப் பட்டாணி அளவுத் துண்டா மாவில் விரல் நுனியால் உதிர்க்கணும். பட்டர்மில்க் ஊத்தினதும் கரண்டியால் பத்துப் பன்னிரண்டு தடவை புரட்டினா போதும். சப்பாத்திக்குப் பிசையற மாதிரி பிசைஞ்சா ரப்பர்தான். பழம், நறுக்கின எடையில் 1.3 கிலோ. முழுப் பழமா வாங்கறவங்க 1.6 கிலோ வாங்குங்க, தோலும் கொட்டையும் மீதியைத் தின்னுடும்.

கரண்டிக்கணக்கு:
பிஸ்கட்தான் அசல் என்பதற்கு ஆதாரம் என்ன? பார்ட்லெட்டின் அமெரிக்கச் சொல் அகராதி, 1859 பதிப்பு, காப்ளருக்குத் தரும் விளக்கம் இது: தடித்த மாவை உள்ளே பூசிய பானையில் பழத்தை இட்டுச் சுடும் ஒருவகை 'பை' (pie). அதில் பிஸ்கட்டும் இல்லை, ஊற்று மாவும் இல்லை. அந்தக் கணக்கில் நாம் இருவருமே போலி. வரலாற்றை விட்டுவிட்டுத் தட்டில் என்ன வருகிறது என்று பேசுவோம்.

பிஸ்கட் மூடியில் பத்துக்கு ஏழு பேருக்கு நடப்பது இதுதான்: மேலே பொன்னிறம், கரண்டியை விட்டால் அடியில் களி. பேக்கரிப் படம் மாதிரி மேற்புறத்தைப் பார்த்து ஏமாந்து வெளியே எடுத்துவிடுகிறார்கள். கரைத்த மாவில் அந்தச் சிக்கல் குறைவு. 113 கிராம் வெண்ணெயை, அதாவது அமெரிக்கக் கடைகளில் ஒரு ஸ்டிக், தட்டிலேயே போட்டு ஓவனில் உருக்குங்கள். செல்ஃப் ரைசிங் மாவு (பேக்கிங் பவுடரும் உப்பும் முன்பே கலந்த மைதா) 120 கிராம், சர்க்கரை 200, பால் 240 மில்லி, இவற்றைக் கட்டியில்லாமல் கரைத்து அந்தச் சூடான வெண்ணெய்மேல் ஊற்றுங்கள். அதன்மேல் 600 முதல் 650 கிராம் பழம். 190 டிகிரி செல்சியஸ், 40 முதல் 45 நிமிடம். முடிந்தது.

கலக்கவே கூடாது. இதை எத்தனை முறை எழுதினாலும் யாராவது ஒருவர் கரண்டியை விட்டுக் கலக்கிவிட்டு "கேக் மாதிரி வந்துவிட்டது" என்கிறார். வெண்ணெய் மாவின் விளிம்பைச் சுற்றித் தனியாக நின்றால்தான் ஓரம் பொரிந்து மொறுமொறுப்பாகும். பழம் தன் எடையால் இறங்கும், மாவு உப்பி அதன் இடுக்குகளில் ஏறிவரும். கலக்கினால் வெண்ணெய் மாவுக்குள் போய் எல்லாம் ஒரே பதமாகிவிடும்.

வெண்ணெய்க்கட்டி:
ஏழு பேர்னு எண்ணினது யாரு? சரி, களி ஆகறது உண்மை. ஆனா அது மூடியோட குத்தம் இல்லை, வைக்கற ஆளோட குத்தம். பச்சைப் பழம் குளிர்ச்சியா இருக்கும்போதே மாவைப் போடறாங்க. பழம் கொதிக்க இருபது, இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் அடிப்பக்க மாவு பழச்சாறில் ஊறிக்கிட்டே கிடக்கு. மேல வெந்து மூடினதும் ஆவி போக வழியும் இல்லை. பழத்தை மட்டும் முதல்ல 190-ல் 15, 20 நிமிஷம் வைங்க. ஓரத்தில் குமிழ் வந்ததும் வெளிய எடுத்து, மாவை எலுமிச்சை அளவு உருண்டையா, நடுவில் விரல் இடைவெளி விட்டு வைங்க. திரும்ப 30 நிமிஷம். ஒரு உருண்டையைத் தூக்கி அடியைப் பாருங்க, இட்லியைப் பிச்சுப் பாக்கற மாதிரி பிச்சுப் பாருங்க. தெர்மாமீட்டர் இருந்தா நடுவில் 93 டிகிரி.

உங்க முறையில் சர்க்கரை 200 கிராம். பழத்தில் போடறது தனி. வர்ற விருந்தாளியில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டினவங்க. யோசிங்க.

மரத்தடி:
ரெண்டு பேரும் மாவைப் பத்தியே பேசறீங்க. பீச்சைப் பத்தி யாராவது வாயைத் திறந்தீங்களா?

ஜார்ஜியாவிலும் தென் கரோலினாவிலும் மே மாசம் முதல்ல வர்ற பழங்கள் கொட்டையோட ஒட்டினது. கத்தியால் செதுக்கித்தான் எடுக்கணும், துண்டு நசுங்கும், சாறு முன்னாடியே வடியும். ஜூன் பாதிக்கு மேல வர்றது கொட்டை தானா விடற ரகம், காப்ளருக்கு அதுதான் வசதி. ஜார்ஜியா பேரு இவ்வளவு பெருசாக ஒரு காரணம் எல்பர்ட்டா. 1870-களில் மார்ஷல்வில்லில் சாமுவேல் ரம்ஃப் வளர்த்த ரகம் அது. இன்னைக்கு விளைச்சல் கணக்கில் கலிஃபோர்னியாதான் முதல், தென் கரோலினாவும் ஜார்ஜியாவை முந்திடுது. அதனால் பெட்டியில் ஜார்ஜியானு எழுதியிருக்கானு பாக்காதீங்க, காம்புப் பக்கம் மோந்து பாருங்க. வாசனை இல்லாத பழத்துக்கு ஓவன் வாசனை தராது.

காயா வாங்கினதை நேரா ஃப்ரிட்ஜில் வைக்கறதுதான் பெரிய தப்பு. 2-லிருந்து 8 டிகிரி வரைக்கும் பீச்சுக்கு ஆகாத குளிர். நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரி, கச்சிதமா அதுக்குள்ளதான் வருது. அங்க நாலஞ்சு நாள் கிடந்த காய், வெளிய எடுத்தா நிறம் மாறும், மெத்துனு ஆகும், ஆனா உள்ள மாவு மாவா, சாறில்லாம இருக்கும். காகிதப் பையில் வெளிய ஒண்ணு ரெண்டு நாள் வச்சுப் பழுக்க விட்டு, பழுத்த அப்புறம் ஃப்ரிட்ஜ்.

தோல் உரிக்க: அடியில் கத்தியால் பெருக்கல் குறி, கொதிக்கற தண்ணியில் 30-லிருந்து 45 நொடி, உடனே ஐஸ் தண்ணி. பழுத்திருந்தா சட்டை மாதிரி கழண்டு வரும். வரலைன்னா பழம் காய், திரும்பத் திரும்ப வெந்நீரில் போட்டு வேகவைக்காம பீலர் எடுத்துடுங்க.

கரண்டிக்கணக்கு:
தோலோடு போட்டால் என்ன? நிறமும் வரும், வேலையும் மிச்சம்.

மரத்தடி:
வெந்ததும் தோல் தனியா சுருண்டு, ஐஸ்கிரீமோட சேர்ந்து வாயில் தீக்குச்சி மாதிரி நிக்கும். வீட்டாளுக்கு மட்டும்னா போடுங்க. விருந்தாளிக்கு உரிச்சுடுங்க.

ஓடிஜி ராணி:
கோவையிலிருந்து கேட்கிறேன். இங்கே டின் பீச்தான் சுலபமாகக் கிடைக்கிறது. அதை வைத்துச் செய்யலாமா? பிஸ்கட் முறையில் பழத்துக்குக் கார்ன்ஃப்ளார் எவ்வளவு என்று யாருமே சொல்லவில்லை. முட்டை சாப்பிடாதவர்கள் வருகிறார்கள், அதையும் சொல்லுங்கள்.

வெண்ணெய்க்கட்டி:
நல்லவேளை கேட்டீங்க, அதை எழுத விட்டுப்போச்சு. 1.3 கிலோ பழத்துக்கு சர்க்கரை 130, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, கார்ன்ஃப்ளார் 3 மேசைக்கரண்டி (24 கிராம்), ஒரு சிட்டிகை உப்பு. கார்ன்ஃப்ளாரைத் தனியாத் தூவாதீங்க, சர்க்கரையோட கலந்து தூவினா கட்டி தட்டாது. ஃப்ரோசன் பழம்னா உருக விட்டு, வடிச்சு, அந்தச் சாறைப் பாதியாச் சுண்டக் காய்ச்சிச் சேருங்க.

தண்ணியா நிக்குதுன்னு புலம்பறவங்க பெரும்பாலும் கார்ன்ஃப்ளாரைக் குறைச்சுப் போட்டவங்க இல்லை, அதைக் கொதிக்க விடாதவங்க. ஓரத்தில் குமிழ் வந்தா பத்தாது, தட்டின் நடுவிலும் வரணும். ரசம் கொதிக்கற மாதிரி படபடன்னு வெடிக்கற குமிழ் வேணாம். கூழ் கொதிக்கற மாதிரி சோம்பேறியா, பெருசா, "பொளக்"னு வெடிக்கணும். எடுத்த உடனே வெட்டாதீங்க, அரை மணி ஆறினாத்தான் இறுகும்.

முட்டை ரெண்டு முறையிலும் கிடையாது. ஆனா கூட வைக்கற ஐஸ்கிரீம் டப்பாவைத் திருப்பிப் படிங்க. பிரெஞ்சு வனிலானு போட்டிருந்தா அதில் முட்டை மஞ்சள் கரு இருக்கும். காப்ளரை சுத்தமா செஞ்சு அங்க கோட்டை விட்டவங்க உண்டு.

கரண்டிக்கணக்கு:
ராணி, டின் பீச்சுக்கு என் முறைதான் சரி. டின்னில் வருவது பெரும்பாலும் கொட்டை ஒட்டும் ரகம், சதை கெட்டி, ஏற்கெனவே வெந்தது. அதை இருபது நிமிடம் தனியாகச் சுட்டு, பிஸ்கட் வைத்து மறுபடி முப்பது நிமிடம் சுட்டால் வாசனை போய் வெறும் இனிப்பு மிஞ்சும். பாகை முழுக்க வடித்துவிட்டு, எலுமிச்சை பிழிந்து, மாவின்மேல் பரப்புங்கள். பழத்துக்குத் தனிச் சர்க்கரை வேண்டாம். உங்கள் ஓவனில் 9×13 தட்டு நுழையாது என்றால் 8 இஞ்ச் சதுரத் தட்டில் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். ஆழமான ஒரே தட்டில் இரட்டிப்பு அளவை ஊற்றினால் நடு வேகாது.

செல்ஃப் ரைசிங் மாவு கிடைக்காவிட்டால் 120 கிராம் மைதாவுக்கு ஒன்றரை தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி உப்பு. செல்ஃப் ரைசிங் மாவு வாங்கிவிட்டு அதற்குமேல் பேக்கிங் பவுடரும் போடுபவர்களைப் பார்க்கிறேன். குபீரென்று உப்பி, நடுவில் பள்ளமாக இறங்கி, நாக்கில் கசப்பு நிற்கும்.

சர்க்கரை விஷயம்: 150 கிராம் வரை குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் வெளுத்துப்போய் ரொட்டி மாதிரி இறுகும். மாவை மிருதுவாக்குவதும் ஓரத்தைச் சிவக்கவைப்பதும் அந்தச் சர்க்கரைதான், இனிப்புக்கு மட்டும் அது இல்லை.

வெண்ணெய்க்கட்டி:
டின்னுக்கு உங்க முறைன்னு ஒத்துக்கறேன். நல்ல பழத்துக்கு ஒத்துக்க மாட்டேன். உங்க தட்டில் 650 கிராம் பழம், என் தட்டில் அதுக்கு ரெண்டு மடங்கு. பன்னிரண்டு பேர் வந்தா உங்க காப்ளரில் ஆளுக்கு ஐம்பது கிராம் பீச். பழத்தைத் தேட பூதக்கண்ணாடி கொடுப்பீங்களா?

கரண்டிக்கணக்கு:
கூடுதல் பழம் போட்டால் மாவு ஏற முடியாமல் நடுவில் பச்சையாக நின்றுவிடும், அதனால்தான் அந்த அளவு. பன்னிரண்டு பேருக்கு இரண்டு தட்டு செய்யச் சொல்வேன்.

நேரத்தையும் கணக்கில் எடுங்கள். விருந்தாளி ஏழு மணி என்றால் எட்டரைக்கு வருவார். என்னுடையதைக் காலையிலேயே சுட்டு வைத்தாலும் மாலையில் சாப்பிடலாம். உங்கள் பிஸ்கட் மூன்று மணி நேரம் தாண்டினால் அடியில் ஊறி, மேலே காய்ந்து, இரண்டும் இல்லாத நிலைக்குப் போகும். மைக்ரோவேவில் வைத்தால் இன்னும் மோசம்.

வெண்ணெய்க்கட்டி:
மைக்ரோவேவ் யாரு வைக்கச் சொன்னா? 160 டிகிரி ஓவனில் 15 நிமிஷம், மூடாம. அதைவிட நல்ல வழி இருக்கு. முந்தின நாளே மைதா, பவுடர், வெண்ணெய் உதிர்த்து டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைங்க. பட்டர்மில்க் மட்டும் கடைசி நிமிஷம். ஈரம் பட்ட உடனே பேக்கிங் பவுடர் வேலையை ஆரம்பிச்சிடும், அதான் பிசைஞ்சு வைக்கக் கூடாதுங்கறது. பழத்தை முதல் சுற்று சுட்டு வச்சிருங்க. எல்லாரும் சாப்பிட உக்காரும்போது பழத்தை மறுபடி குமிழ் வர்ற வரைக்கும் சூடாக்கி, மாவை வச்சு உள்ள தள்ளினா, இலை எடுத்துப் பேசி முடிக்கும்போது சரியா இருக்கும்.

மைதாவிலும் ஒரு சூட்சுமம் இருக்கு. டென்னசியில் நாக்ஸ்வில்லில் 1883-ல் ஆரம்பிச்ச ஒயிட் லில்லி மாவைத் தெற்கில் தேடி வாங்கறதுக்குக் காரணம் அது மென்கோதுமை, புரதம் குறைவு. கிடைக்கலைன்னா சாதா மைதாவில் 240-க்கு 30 கிராமை எடுத்துட்டு அதே அளவு கார்ன்ஃப்ளார் போடுங்க.

ஓடிஜி ராணி:
வாசனைக்கு ஏலக்காய் போடலாமா?

மரத்தடி:
போட்டா பாயசம் வாசனைதான் வரும், பீச் காணாமப் போயிடும். பட்டைப் பொடிகூட அரை தேக்கரண்டிக்கு மேல வேணாம். பாதாம் எசன்ஸ் கால் தேக்கரண்டி போட்டுப் பாருங்க. பீச்சும் பாதாமும் புரூனஸ்ங்கற ஒரே பேரினம், அதான் அது தனியா நிக்காம பழத்தோட சேர்ந்துடுது. வெள்ளைச் சதை பீச் கிடைச்சா வெட்டி அப்படியே சாப்பிடுங்க. புளிப்பு கம்மி, வெந்தா சப்புனு போயிடும்.

பாத்திரம்: அலுமினியத் தட்டு நேரடியா வேணாம், புளிப்பு பட்டு உலோக வாசனை ஏறும். நல்லாப் பழக்கின இரும்புச் சட்டி சுட ஏத்தது, ஆனா மிச்சத்தை ராத்திரி முழுக்க அதிலேயே விடாதீங்க.

கரண்டிக்கணக்கு:
மற்றவை இருக்கட்டும், ஒரு திருத்தம். பழத்தை முன்பே சுட்டு வைக்கும் யோசனையில் ஒரு ஆபத்து இருக்கிறது. கண்ணாடித் தட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து 190 டிகிரி ஓவனுக்குள் வைத்தால் விரிசல் விடும். பழத்தை வாணலிக்கு மாற்றி அடுப்பில் சூடாக்கி, தட்டு அறை வெப்பத்துக்கு வந்தபின் அதில் ஊற்றுங்கள்.

வெண்ணெய்க்கட்டி:
அது நியாயம். ஒண்ணு மட்டும் சேர்க்கறேன்: வாணலியில் சூடாக்கும்போது கிண்டாதீங்க, ஏற்கெனவே வெந்த துண்டு, கரண்டி பட்டா ஜாம். கைப்பிடியைப் பிடிச்சு லேசா ஆட்டுங்க.