கலைச்சொல்: பட்டாம்பூச்சி நடையா, உலாவா, சுற்றா?

வேலூரிலிருந்து:

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

கூட்டமாகப் போய்ப் பட்டாம்பூச்சி பார்க்கிற நிகழ்ச்சிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டிருந்தேன். இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்துவிட்டேன். எங்களுக்கு வேண்டியது அகராதியில் போடுகிற சொல் மட்டும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டைப் பூங்காவில் பத்துப் பதினைந்து பேர் சேர்கிறோம். பட்டாம்பூச்சி தெரிந்த ஒருவர் முன்னால் போக, இது இன்னது, இன்ன செடிக்கு வரும் என்று காட்டக் காட்ட மற்றவர்கள் பார்க்கிறோம். அதற்குத்தான் பெயர் கேட்டேன். நோட்டீசில் அச்சடிக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும், வாசலில் காவலர் "எதுக்குக் கூட்டமா வந்திருக்கீங்க?" என்றால் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்.

பெயர் சரியாக அமையாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் நேரிலேயே பார்த்தேன். இங்கே ஒரு பள்ளியில் "பட்டாம்பூச்சி பிடிக்குமா? ஞாயிறு காலை வாருங்கள்" என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். பாதிப் பிள்ளைகள் கொசுவலைத் துணியில் வலை தைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். ஒருவன் கையில் மூடியில் ஓட்டை போட்ட ஹார்லிக்ஸ் பாட்டில். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? பலகை கேட்டதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார்கள்.

சரி, பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

'வண்ணத்துப்பூச்சி அவதானிப்பு வழிகாட்டு நடைப்பயணம்' என்று எழுதிய யாழ்ப்பாணத்து அன்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும். எதையும் விடாமல் சொல்கிறது, அதனாலேயே மூச்சு முட்டுகிறது. அவதானிப்பு உங்கள் பக்கம் பேச்சில் புழங்கும், எங்கள் பக்கம் புழங்காது. நடைப்பயணம் என்று நோட்டீஸ் அடித்தால் இங்கே அடுத்த கேள்வி "எந்தக் கட்சி?" என்பதுதான். பூச்சியின் பெயரில் எனக்குச் சண்டை இல்லை. இங்கே குழந்தைகள் வாயில் வருவது பட்டாம்பூச்சி, அதையே வைத்துக்கொள்ளலாம்.

'பட்டாம்பூச்சி நடை' என்று மூன்று பேர் சொல்லியிருக்கிறீர்கள். பழைய இடங்களைக் கூட்டமாகப் போய்ப் பார்ப்பதற்கு மரபு நடை என்ற சொல் நன்றாக வேர் பிடித்துவிட்டது, அதே அச்சில் இதையும் வார்க்கலாம் என்பது வாதம். ஆனால் உயிரினப் பெயருக்குப் பின்னால் நடை வந்தால் தமிழ்க் காது அதை அந்த உயிர் நடக்கிற விதமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. அன்னநடை, யானை நடை, நண்டு நடை. ஃபேஷன் மேடையில் நடப்பதைப் பூனை நடை என்று பத்திரிகைகளே எழுதிப் பழக்கிவிட்டன. பட்டாம்பூச்சி நடை என்றால் அடுத்த மேடைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. 'நடை' நமக்கு வேறு இடத்தில் கட்டாயம் தேவைப்படும். பிரிட்டனில் எர்னெஸ்ட் பொல்லார்ட் வகுத்த முறையில் 1976இலிருந்து பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறித்த ஒரு பாதை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வாரம் ஒருமுறை, ஒரே சீரான வேகத்தில் நடக்க வேண்டும். இடப்பக்கம் இரண்டரை மீட்டர், வலப்பக்கம் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர், அதற்குள் தென்படுவதை மட்டும் எண்ண வேண்டும். அழகாக ஒன்று அப்பால் பறந்தாலும் அது கணக்கில் சேராது. உலகம் முழுக்க இதற்குப் 'பொல்லார்ட் வாக்' என்றே பெயர். தமிழில் 'பொல்லார்ட் நடை' அல்லது 'கணக்கு நடை' என்று தாராளமாக வைக்கலாம், ஏனென்றால் அதில் நிஜமாகவே நடக்கிறார்கள்.

நாங்கள் செய்வதில் நடை எங்கே இருக்கிறது? இரண்டு மணி நேரத்தில் அரைக் கிலோமீட்டர் போனாலே அதிகம். அகழிப் பக்கம் ஓர் எருக்கஞ்செடி இருந்தால் அங்கேயே கால் மணி நேரம் ஓடிவிடும். வெந்தய வரியன் என்கிற பட்டாம்பூச்சியின் பெட்டை வந்து இலை நுனியைப் பிடித்துக்கொண்டு வயிற்றை அடிப்பக்கமாக வளைத்து ஒரே ஒரு முட்டை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போகும். குண்டூசித் தலை அளவுகூட இல்லாத வெள்ளை முட்டை. பக்கத்து இலையைத் திருப்பினால் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டையோடு புழு. முதுகில் மூன்று இணை கறுப்பு இழைகள், நகரும்போது முன்னிணை ஆடும். இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டுவிட்டு அப்புறம்தான் தின்ன ஆரம்பிக்கும். எருக்கின் நஞ்சு உடம்பில் ஏறிவிடுவதால் பறவைகள் இதைத் தொடுவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் வெந்தய வரியன் அவ்வளவு மெதுவாகப் பறக்கிறது. நஞ்சே இல்லாத டனாய்டு எக்ஃப்ளை என்கிற வேறொரு பட்டாம்பூச்சியின் பெட்டை அச்சாக இதே வேடம் போட்டுக்கொண்டு திரியும். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒருவர் கூட இருந்தால்தான் முடியும்.

இந்த வேலையை வேலூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது சுலபம். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் காலையில் ரவுண்ட்ஸ் வருவார் இல்லையா, கட்டில் கட்டிலாக நின்று, பார்த்து, கூட வரும் மாணவர்களுக்குச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவார். எங்கள் வழிகாட்டி செடி செடியாக அதைத்தான் செய்கிறார். அதனால் என் பரிந்துரை 'பட்டாம்பூச்சிச் சுற்று'. நிற்கிற இடங்களுக்கு 'நிறுத்தம்': எருக்கு நிறுத்தம், வில்வ நிறுத்தம் என்று. பஸ் ஞாபகம் வந்தால் வரட்டும், அதுவும் நிற்கிற இடம்தானே.

'பட்டாம்பூச்சி உலா' பற்றி ஒரே ஒரு வரி. காதுக்கு இனிமை, ஆனால் உலாவில் போகிறவர்தான் காட்சிப்பொருள். வீதி உலாவில் சாமி போகும், நாம் திண்ணையில் நின்று கும்பிடுவோம். இங்கே போவதும் நாம், பார்ப்பதும் நாம்.

குடியாத்தத்திலிருந்து:

வணக்கம். தமிழ் கற்பிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், 'சுற்று' வேண்டாம் தம்பி. பட்டாம்பூச்சியும் சுற்றும் சேர்ந்து வந்தாலே எங்கள் பிள்ளைகளுக்கு முட்டை, புழு, கூட்டுப்புழு என்று நோட்டில் வட்டமாக அம்புக்குறி போட்டு வரைந்த படம்தான் நினைவுக்கு வரும். வாழ்க்கைச் சுழற்சி, வாழ்க்கைச் சுற்று என்று இரண்டு விதமாகவும் சொல்லிக்கொடுக்கிறோம். போதாததற்குப் போட்டிகளில் முதல் சுற்று, இரண்டாம் சுற்று. அறிவிப்பைப் பார்த்துவிட்டு "இறுதிச் சுற்று என்றைக்கு, மிஸ்?" என்று கட்டாயம் கேட்பார்கள்.

'நிறுத்தம்' எனக்குப் பிடித்திருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

உலாவைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அதற்காக அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. யார் பார்க்கிறார்கள் என்பதுதானே சிக்கல்? முன்னால் ஒரு வினையைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. முதலில் 'காண்நடை' என்று யோசித்தேன். காண்கிற நடை, கண்ட நடை, காணும் நடை, மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. 'காண்' நடுவில் வந்துவிட்டதால் அன்னநடைக் குழப்பமும் இல்லை. ஆனால் புணர்ச்சி காலை வாரிவிடுகிறது. வான், நிலை சேர்ந்தால் வானிலை. அதே கணக்கில் காண், நடை சேர்ந்தால் 'காணடை'. இதைப் படிக்கிறவர்கள் கல்லில் வார்க்கிற அடையைத்தான் தேடுவார்கள். இலக்கணம் போகட்டும், பிரித்து எழுதுவோம் என்றால் நம் குழுவிலேயே நாலு பேர் விட மாட்டார்கள்.

உலாவோடு சேர்த்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. காண் + உலா, காணுலா. பட்டாம்பூச்சியைக் காணப் போகிற உலா என்று விரியும். இரண்டாம் வேற்றுமைத்தொகை என்பதால் நடுவில் 'க்' மிகாது: பட்டாம்பூச்சி காணுலா. நாளைக்குப் பறவை காணுலா, தட்டான் காணுலா, மரம் காணுலா என்று எதற்கும் நீட்டலாம். ஒரு கலைச்சொல்லுக்கு அந்த நீட்சிதான் முக்கியம் என்பது என் கருத்து. 'வழிகாட்டு' என்ற அடைமொழி தேவையில்லை. தனியாகப் போய்ப் பார்ப்பவருக்கு நோட்டீஸ் எதற்கு?

ஆலங்காயத்திலிருந்து:

டீச்சரம்மாவுக்கும் தம்பிக்கும் வணக்கம். வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இலக்கணத்தில் எனக்குப் பழக்கம் இல்லை, காதில் விழுகிறதைச் சொல்கிறேன். நம் பக்கம் ணகரத்தை யார் அழுத்திச் சொல்கிறார்கள்? காணுலா என்று நீங்கள் சொன்னால் கானுலா என்றுதான் கேட்கும். கானுயிர், கானகம் என்று எழுதிப் பழகினவர்கள் அதைக் காட்டுக்குள் போகிற பயணம் என்று எடுத்துக்கொள்வார்கள். கோட்டைப் பூங்காவில் ஜீப் எங்கே நிற்கிறது என்று ஒருவர் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஆனாலும் இதற்காகச் சொல்லைக் கைவிடச் சொல்ல மாட்டேன். அமிர்திக்குப் போகும்போது இரண்டு பொருளும் ஒத்துப்போகிறதே. வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக ஏறக்குறைய 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலை அடிவாரம். 1967இல் தொடங்கிய வனவிலங்குப் பூங்காவைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். மானையும் முதலையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மழை விட்டு வெயில் அடிக்கிற நாளில் ஓடைக்கரை ஈரமணலைப் பார்க்க வேண்டும். மஞ்சளும் வெள்ளையுமாகக் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஆண் பூச்சிகள். தண்ணீரோடு உப்புச்சத்துக்காக வருகின்றன, அதில் ஒரு பங்கு இணை சேரும்போது பெட்டைக்குப் போகிறது. கிலுகிலுப்பைச் செடி காய்ந்து நின்றால் அதையும் விடாதீர்கள். வரியன், வெண்புள்ளிக் கருப்பன் என்கிற பட்டாம்பூச்சிகள் காய்ந்த தண்டைச் சுரண்டிக்கொண்டு தொங்கும். அங்கே நீங்கள் போவது காணுலாவும்தான், கானுலாவும்தான்.

நீங்கள் இரண்டு பேரும் பெரிதாகப் பேசாத 'நிறுத்தம்'தான் என் பார்வையில் ரொம்பவும் உருப்படியான சொல். பூங்காக்களைச் சுத்தம் செய்ய ஆள் வந்தால் முதலில் வெட்டுவது எருக்கைத்தான், களை என்று. ஆடுதீண்டாப்பாளையைப் பிடுங்கிப் போடுகிறார்கள். ரோஜா அழகி என்கிற பட்டாம்பூச்சி முட்டை வைக்க அந்தக் கொடியை விட்டால் நம் சமவெளியில் வேறு போக்கிடம் குறைவு. 'எருக்கு நிறுத்தம்' என்று ஒரு சின்னப் பலகை குத்தி வைத்தால் வெட்டுக்கத்தி எடுத்தவன் கொஞ்சம் யோசிப்பான். காணுலா ஞாயிற்றுக்கிழமைக்கு, பலகை வாரம் முழுக்க.

இன்னொன்று. வருகிறவர்கள் முதலில் கேட்பது தமிழ் மறவன் எங்கே என்றுதான். 2019இல் மாநிலப் பட்டாம்பூச்சி ஆனதிலிருந்து இந்தக் கேள்வி. அது மலைக்காட்டுப் பூச்சி, அகழிக்கரையில் தேடக் கூடாது என்று நோட்டீசிலேயே போட்டுவிடுங்கள். நேரத்தையும் கவனியுங்கள். பறவை பார்க்கிறவர்கள் பழக்கத்தில் ஆறு மணிக்கு வரச் சொல்லிவிடுகிறார்கள். வெயில் ஏறி உடம்பு சூடானால்தான் இதுகள் இறக்கை விரிக்கும். சித்திரை வைகாசியில் நம் ஊர் மதிய வெயிலுக்கு அதுகளே நிழலில் ஒதுங்கிவிடும் என்பது வேறு விஷயம்.

வேலூரிலிருந்து மறுபடியும்:

டீச்சரம்மா, 'சுற்று' கேட்டதை வாபஸ் வாங்குகிறேன். அந்த அம்புக்குறிப் படத்தை நானும்தான் வரைந்திருக்கிறேன். ஆலங்காயத்து ஐயா சொன்ன ணகரச் சிக்கல் எனக்குப் பெரிதாகப் படவில்லை. 'பட்டாம்பூச்சி' முன்னால் நிற்கும்போது யாரும் ஜீப்பைத் தேட மாட்டார்கள். எழுத்தில் வித்தியாசம் தெளிவாகவே இருக்கிறது.

ஆகவே நிகழ்ச்சிக்குக் காணுலா, நிற்கும் இடத்துக்கு நிறுத்தம், எண்ணிக்கொண்டு நடப்பதற்குக் கணக்கு நடை. கூட்டிப்போகிறவர் எப்போதும்போல வழிகாட்டி. அதற்குப் புதுச்சொல் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். அச்சகத்துக்குப் போகிற வாசகம் இது:

"பட்டாம்பூச்சி காணுலா. வேலூர் கோட்டைப் பூங்கா, ஞாயிறு காலை 8.30. நிறுத்தங்கள்: எருக்கு (வெந்தய வரியன்), வில்வம் (எலுமிச்சை அழகி), கறிவேப்பிலை (கறிவேப்பிலை அழகி), அரளி (வெண்புள்ளிக் கருப்பன்). தொடாமல் பார்ப்போம். தொப்பியும் தண்ணீரும் கொண்டு வரவும். தமிழ் மறவன் மலைக்காட்டில் இருப்பது, இங்கே வராது."

எலுமிச்சை அழகியை வில்வத்தின் கீழ் போட்டதற்குக் காரணம், பூங்காவில் எலுமிச்சை இல்லை. வில்வமும் எலுமிச்சைக் குடும்பம்தான், எலுமிச்சை அழகியின் புழு இரண்டையும் தின்னும். சின்னதில் பறவை எச்சம் போலவே கிடக்கும், வளர்ந்த பிறகு பச்சையாகிவிடும், சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவைக்கொம்பு ஒன்றை நீட்டும். இதையெல்லாம் நோட்டீசில் அடக்க முடியாது, நிறுத்தத்தில் சொல்லிக்கொள்வோம்.

பலகைகளுக்குத் தகரமா, பலகை மரமா என்று பூங்காவில் கேட்டுச் சொல்கிறேன். ஈரமணலில் உப்பு உறிஞ்சுவதற்கு நம்மிடம் இன்னும் ஒரு சொல் உருப்படியாக இல்லை. 'சேறு குடித்தல்' என்று எழுதுகிறார்கள், அது சேற்றைக் குடிப்பதே இல்லை. தனி இழை தொடங்குகிறேன், ஆலங்காயத்து ஐயா முதலில் எழுதட்டும்.