ஸ்டென்ட் வச்சு ஏழு வாரம் ஆச்சு, நடக்கவே பயமா இருக்கு

தலகாணி_துடிப்பு:
வணக்கம் மக்களே. வயசு 48. ஏழு வாரம் முன்னாடி அட்டாக் வந்து அன்னைக்கே ஆஞ்சியோபிளாஸ்டி பண்ணி ஒரு ஸ்டென்ட் (ரத்தக்குழாய திறந்து வைக்கிற வலைக்குழாய்) வச்சாங்க. எக்கோ ஸ்கேன்ல இஎஃப், அதான் இதயம் ரத்தத்த பம்ப் பண்ற அளவு, 45 சதவீதம். இருபது வருஷ சிகரெட்ட அன்னையோட விட்டாச்சு. டாக்டர் "தினமும் நடங்க"ன்னாரு, எவ்ளோ நேரம், எவ்ளோ வேகம்னு அப்போ கேக்கத் தோணல. இப்போ என்னன்னா வாசல் தாண்டி பத்து அடி வச்சாலே நெஞ்சுல என்னமோ பண்ற மாதிரி இருக்கு, உடனே நின்னு வாட்ச்ச பாக்குறேன், துடிப்பு 84, 88ன்னு காட்டுது, அதுவும் கம்மியா ஜாஸ்தியான்னு தெரியல. ராத்திரி இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா தலகாணிக்குள்ள இருந்து டப் டப்னு கேக்குது, ஒரு துடிப்பு லேட்டானா எழுந்து உக்காந்துடுறேன். சும்மா உக்காந்திருக்கும்போதே சில சமயம் மூச்சு பத்தாத மாதிரி இழுத்து விடத் தோணுது. வீட்டுல ஒரு பை கூட தூக்க விடமாட்டேங்குறாங்க. இதெல்லாம் எல்லாருக்கும் இப்படித்தானா?

ரெண்டாவது_ரவுண்டு:
நானும் இதே கேஸ்தான், நாலு வருஷம் ஆகுது. மொதல்ல அந்த வாட்ச்ச கழட்டி வைங்க. உங்களுக்கு பீட்டா பிளாக்கர் குடுத்திருப்பாங்க, மெட்டோபிரோலால், பைசோபிரோலால் மாதிரி பேரு இருக்கும், அது துடிப்ப ஏறவிடாம புடிச்சு வைக்கும், அதனால வாட்ச் நம்பர வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. எனக்கு ரீஹாப்ல, அதாவது அட்டாக் வந்தவங்களுக்கு ஆஸ்பத்திரியில குடுக்குற உடற்பயிற்சி வகுப்புல, சொல்லிக்குடுத்தது இதுதான்: நடக்கும்போது கூட வர்றவங்ககிட்ட முழு வாக்கியமா பேச முடியணும், ஆனா பாட்டு பாட முடியக்கூடாது. பாட வந்தா இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம், பேச்சு திக்குச்சுன்னா கொறைங்க. நான் ஒரு வேளைக்கு அஞ்சு நிமிஷம்னு ஆரம்பிச்சேன், தெருவுல ஒரு லைட் கம்பம் வரைக்கும் போய்த் திரும்புவேன், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஒரு கம்பம் கூட்டுவேன். ரெண்டு மாசத்துல அரை மணி நேரம், வாரத்துல அஞ்சு நாள்னு வந்துட்டேன், அந்த 150 நிமிஷம்தான் எல்லாருக்கும் சொல்ற கணக்கு. கடைசி அஞ்சு நிமிஷம் மெதுவா நடந்து முடிங்க, டக்குனு நிக்காதீங்க. வயிறு முட்ட சாப்ட்டு உடனே கிளம்பாதீங்க.

நெஞ்ச அழுத்துற மாதிரி வலி, தாடைக்கோ கைக்கோ பரவுது, குளுந்த வேர்வைன்னா அங்கயே உக்காருங்க, நாக்குக்கடியில வைக்கிற மாத்திரை குடுத்திருந்தா வைங்க, அஞ்சு நிமிஷத்துல அடங்கலன்னா ஆம்புலன்ஸ கூப்பிடுங்க. நீங்களே வண்டி ஓட்டிட்டுப் போகாதீங்க.

மாத்திரை_டப்பா:
நான் பார்மசிஸ்ட். அந்த உக்காந்திருக்கும்போது வர்ற மூச்சு பத்தி ஒண்ணு. ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின் கூட இன்னொண்ணு தருவாங்கல்ல, அது டிக்காக்ரெலாரான்னு அட்டையைப் பாருங்க. அந்த மருந்துக்கே மூச்சு வாங்குறது தெரிஞ்ச பக்கவிளைவு, நெறைய பேரு இன்னொரு அட்டாக்னு பயந்துடுவாங்க. ஆனா அதுதான்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க, தேவைன்னா வேற மாத்துவாரு. நீங்களா ஒரு வேளை கூட விடாதீங்க, புது ஸ்டென்ட்ல ரத்தம் கட்டிக்கிட்டா அது மொத அட்டாக்க விட மோசமா போகலாம். பொதுவா ஒரு வருஷம் ரெண்டையும் சேத்து ஓட்டணும், பல்லு புடுங்கணும்னாலும் இதய டாக்டர்கிட்ட கேக்காம நிறுத்தக்கூடாது. ஆனா மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டுது, கால் வீங்குது, ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறிடுச்சுன்னா அது வேற கதை, அன்னைக்கே போன் பண்ணுங்க. முட்டி வலி, முதுகு வலின்னு ஐபுப்ரொஃபென் வாங்கிப் போடாதீங்க.

ஃப்ரீ_பேர்டு_66:
இவ்ளோ மாத்திரை எதுக்குங்க? எனக்கு கொலஸ்ட்ரால் நார்மல்னு ரிப்போர்ட் வந்ததும் அதுக்குப் போட்ட ஸ்டாட்டின் மாத்திரைய நிறுத்திட்டேன், ஒரு வருஷமா நல்லாத்தான் இருக்கேன்.

மாத்திரை_டப்பா:
அண்ணே, மாத்திரை போட்டதாலதான் அது நார்மலா வந்துச்சு. இன்னொண்ணு, லேப் பேப்பர்ல எல்டிஎல், அதான் கெட்ட கொலஸ்ட்ரால், 100க்குள்ள நார்மல்னு அச்சடிச்சிருக்கும், அது அட்டாக் வராதவங்களுக்கு. ஒரு தடவை வந்துட்டா 70க்கு கீழ, ஐரோப்பிய டாக்டர்கள் 2019 வழிகாட்டுதல்ல 55க்கு கீழன்னே சொல்லிட்டாங்க. தயவு செஞ்சு திரும்ப போய் பாருங்க.

முழிச்சிருந்தவ:
எங்க வீட்டுல அந்த "பை தூக்க விடாத" ஆளு நான்தாங்க, அதனால எழுதுறேன். என் வீட்டுக்காரருக்கு அட்டாக் வந்தப்புறம் அவர் தூங்கும்போது மூக்குக்கு கீழ விரல் வச்சுப் பாப்பேன், மூணு மாசம். அவர் எரிஞ்சு விழுவார், நான் அழுவேன். ஒரு நாள் ரீஹாப்புக்கு கூடப் போனேன், நெஞ்செல்லாம் ஒயரு ஒட்டி டிரெட்மில்ல ஏத்தி விட்டாங்க, திரையில ஈசிஜி ஓடிட்டே இருக்கு, மனுஷன் பதினெட்டு நிமிஷம் நடந்து வேர்த்து இறங்கி தண்ணி கேட்டார். அன்னைக்குதான் கைய எடுத்தேன். உங்க ஊர்ல ரீஹாப் இருக்கான்னு கேளுங்க, வீட்டுல இருக்கவங்களையும் இழுத்துட்டுப் போங்க. அப்புறம் ராத்திரி துடிப்ப எண்ணுறது, தூக்கம் வராதது, எதுலயும் மனசு ஒட்டாததுன்னு ரெண்டு வாரத்துக்கு மேல ஓடுச்சுன்னா அதையும் டாக்டர்கிட்ட வாய்விட்டு சொல்லுங்க, அட்டாக்குக்கு அப்புறம் டிப்ரஷன் ரொம்ப சகஜம், என் வீட்டுக்காரர் அதுக்கும் கவுன்சிலிங் போனார்.

தலகாணி_துடிப்பு:
எல்லாருக்கும் நன்றி. அட்டையைப் பாத்தேன், டிக்காக்ரெலாரேதான். டாக்டர் ஆபீஸுக்கு போன் போட்டு நாளைக்கு காலைல வரச் சொல்லி வாங்கிட்டேன், ரீஹாப் பத்தியும் கேக்குறேன். சாயங்காலம் வாட்ச் இல்லாம கிளம்புனேன், வீட்டம்மாவும் கூட வந்தாங்க, மூணாவது கம்பம் வரைக்கும் போய் வந்தோம். பேசிட்டேதான் நடந்தோம், பாதி நேரம் சண்டைதான், மூச்சு வாங்கல.