சிங்கப்பூர்–பினாங்கு–புக்கெட் குரூஸ்: பால்கனி அப்கிரேடுக்கு ஏலம் கேட்கலாமா, இருக்கிற இன்சைட் கேபினே போதுமா?

தாமிரபரணி78:

சிங்கப்பூர் மெரினா பே முனையத்திலிருந்து கிளம்பும் நான்கு இரவுப் பயணம். பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும். ராயல் கரீபியன் நிறுவனத்தின் குவாண்டம் வகைக் கப்பல். இரண்டு இன்சைட் கேபின் (ஜன்னல் இல்லாத உள்பக்க அறை) எடுத்திருக்கிறோம். ஒன்றில் நான், மனைவி, ஏழு வயது மகன். பக்கத்துக் கேபினில் அப்பா, அம்மா. எட்டாம் தளம், நடுப்பகுதி. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. பணம் முழுவதும் கட்டியாகிவிட்டது.

இப்போது, கூடுதலாக எவ்வளவு தருவோம் என்று தொகை சொல்லி பால்கனி கேபினுக்கு ஏலம் கேட்கலாம் என்று மெயில் வந்திருக்கிறது. தலைக்கு 70 அமெரிக்க டாலரில் ஆரம்பம். மொத்தம் எவ்வளவு வரும்? எந்த இடத்தில் கேபின் தருவார்கள்? அப்பாவுக்குப் பஸ்ஸிலேயே தலை சுற்றும், மேல் தளத்தில் கொடுத்துவிட்டால் ஆட்டம் தாங்குவாரா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடற்காகம்:

முதலில் கணக்கு. ஏலத்தொகை தலைக்கு என்று போட்டிருந்தாலும், ஒரு கேபினுக்கு இரண்டு பேர் என்றுதான் பிடிப்பார்கள். ஆக ஒரு கேபினுக்கு 140, இரண்டுக்கும் 280 டாலர். மகன் மூன்றாவது ஆள், அவனுக்கு ஏலத்தொகை கிடையாது. (ஒருவர் மட்டும் தங்கும் கேபினாக இருந்தாலும் இரண்டு பேருக்கான தொகைதான் போகும்.) ஏற்கெனவே கட்டிய பணத்துக்கு மேல்தான் இந்த 280, அதில் எதுவும் கழியாது.

மெயிலுக்குப் பதில் போடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கப்பல் நிறுவனத்தின் தளத்தில் அதே தேதிக்குப் புதிதாகப் பதிவு செய்வதுபோல உள்ளே போய், இன்சைட் என்ன விலை, பால்கனி என்ன விலை என்று இன்றைய நிலவரத்தைப் பாருங்கள். பணம் கட்டும் பக்கம் வரை போக வேண்டாம். வித்தியாசம் தலைக்கு 90 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஏலத்தில் 20 மிச்சம், ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போய்விடும். அதற்குப் பதில் முகவரிடம் பேசி வித்தியாசத்தைக் கட்டினால் கேபின் எண்ணை நீங்களே சொல்லி வாங்கலாம். முழுப் பணம் கட்டிய பிறகு விலை இறங்கினால் திருப்பித் தர மாட்டார்கள், ஆனால் கூடுதல் பணம் கட்டி மேல் வகைக்கு மாறுவதற்குப் பொதுவாகத் தடை இல்லை. வித்தியாசம் 200, 250 என்று இருந்தால் மட்டும் ஏலத்தைப் பற்றி யோசிக்கலாம்.

உங்கள் விஷயத்தில் பெரிய ஆபத்து வேறு. இரண்டு கேபின் என்றால் இரண்டு தனி ஏலம். ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் போகலாம். இரண்டும் கிடைத்தாலும் ஒன்று ஏழாம் தளத்தில் பின்பக்கம், மற்றது பன்னிரண்டில் முன்பக்கம் என்று வரலாம். "இரண்டையும் சேர்த்துக் கொடு, இல்லையென்றால் வேண்டாம்" என்று சொல்ல அந்தப் படிவத்தில் இடமே இல்லை. நிறுவனம் ஏலத்தை ஏற்கும் வரை தொகையை மாற்றலாம், விலகலாம். ஏற்றுக்கொண்ட நிமிடமே கார்டில் பணம் பிடித்துவிடுவார்கள். அதன்பின் பழைய கேபினைக் கேட்டாலும் வராது, பணமும் திரும்பாது. ஏலத்துக்கான பதில், கப்பல் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்புகூட வரும்.

கேபின் எண் மாறிவிட்டால் பெட்டியில் ஒட்டும் லக்கேஜ் டேக்கைக் கட்டாயம் புதிதாக அச்செடுங்கள். பழைய எண் இருந்தால் பெட்டி பழைய கேபின் வாசலில் போய் நிற்கும். சாயங்காலம் மாற்றுத்துணி இல்லாமல் தேட வேண்டியிருக்கும்.

உப்புக்காற்று:

இடத்தைப் பற்றி நான் சொல்கிறேன். என் கருத்தில் கேபினின் வகையைவிட அது இருக்கும் இடம்தான் தூக்கத்தைத் தீர்மானிக்கிறது. உங்களுக்கு இப்போது இருப்பது நல்ல இடம்.

ஆட்டம் இரண்டு விதம். முன்னும் பின்னும் ஏறி இறங்குவது ஒன்று, பக்கவாட்டில் சாய்வது ஒன்று. முதலாவது சீ-சா பலகை மாதிரி: அணியத்திலும் (கப்பலின் முன்முனை) பின்முனையிலும் அதிகம், நடுவில் குறைவு. இரண்டாவது உயரத்தைப் பொறுத்தது: மேலே போகப் போக அதிகம். அதனால்தான் தலைசுற்றல் உள்ளவர்களுக்கு நடுப்பகுதி, கீழ்த்தளம் என்கிறோம். கப்பலின் இருபுறமும் நீருக்கடியில் நீட்டும் ஸ்டெபிலைசர் துடுப்புகள் பக்கவாட்டுச் சாய்வைக் குறைக்கும், முன்பின் ஏற்ற இறக்கத்துக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. மலாக்கா நீரிணை இருபுறமும் நிலம் சூழ்ந்தது, பெரும்பாலும் குளம் போல இருக்கும். பினாங்கு தாண்டி அந்தமான் கடலுக்குள் போனபிறகுதான் அலை. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் புக்கெட் பக்கம் கடல் கொந்தளிக்கும். மற்ற மாதங்களில் அப்பா பயப்பட வேண்டியதில்லை.

இந்த வழித்தடத்தில் ஆட்டத்தைவிடச் சத்தம்தான் பெரிய தொல்லை. டெக் பிளானை (ஒவ்வொரு தளத்தின் வரைபடம்) திறந்து உங்கள் கேபின் மேல் விரலை வையுங்கள். அதே இடத்தில் ஒரு தளம் மேலே என்ன, ஒரு தளம் கீழே என்ன என்று பாருங்கள். இரண்டிலும் கேபின்களே இருந்தால் நிம்மதி. குவாண்டம் வகையில் 14-ஆம் தளத்தில் நீச்சல்குளமும் பஃபே உணவகமும். அதற்கு நேர் கீழே 13-இல் கேபின் வந்தால், விடியும் முன்பே ஊழியர்கள் சாய்வு நாற்காலிகளைத் தரையில் இழுத்து வரிசைப்படுத்தும் ஒலி தலைக்கு மேலே கரகரவென்று கேட்கும். கீழே தியேட்டரோ நடன அரங்கோ இருந்தால் நள்ளிரவு வரை பேஸ் அதிர்வு தரை வழியாக ஏறும். டெக் பிளானில் பெயரே இல்லாமல் வெள்ளையாக விட்ட கட்டங்கள் இருந்தால் உஷார். சமையலறை, பணியாளர் அறை, தள்ளுவண்டி போகிற வழி என்று எதுவாகவும் இருக்கலாம்.

கீழ்த்தளத்தில் அணியத்தில் உள்ள கேபின்களுக்கு வேறு கதை. கரை சேரும்போது பக்கவாட்டில் தள்ளும் த்ரஸ்டர் ஓடும், கட்டில் நடுங்கும். புக்கெட்டில் படோங் கடற்கரை எதிரே நங்கூரம் போட்டு, சிறு படகில்தான் ஆட்களை இறக்குவார்கள். காலையில் அந்த இரும்புச் சங்கிலி குழாய் வழியாக இறங்கும்போது முன்பக்கத்தில் தூங்குபவர் அலறியடித்து எழுவார். பின்முனையில் அலைத்தடம் பார்க்க அழகு, ஆனால் உந்துவிசை நேர் கீழே, அதிர்வு உண்டு.

ஏலத்தில் பால்கனி கிடைத்தால் இவற்றில் எது வேண்டுமானாலும் வரும். கேரண்டி கேபினுக்கும் (வகை மட்டும் உறுதி, எண்ணை நிறுவனமே பிறகு ஒதுக்கும்) இதே நிலைதான்.

மேல்தளம்:

முழங்கால் வலி பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கப்பல் ஏறக்குறைய 348 மீட்டர் நீளம். கேபினிலிருந்து லிஃப்டுக்கு, லிஃப்டிலிருந்து சாப்பாட்டு அறைக்கு என்று தினமும் நான்கைந்து தடவை நடக்க வேண்டும். அம்மாவின் கேபின் லிஃப்டுக்கு அருகே, ஆனால் லிஃப்ட் வாசலுக்கு நேர் எதிரே இல்லாமல், ஏழெட்டுக் கதவு தள்ளி இருப்பது உத்தமம். அங்கே பேச்சுச் சத்தமும் வராது, நடையும் குறைவு.

குளியலறை வாசலில் ஒரு தடுப்புப் படி இருக்கும், இரவில் தடுக்கும். இன்சைட் கேபினில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. பிளக்கில் செருகும் சின்ன இரவு விளக்கு ஒன்று எடுத்துப் போங்கள். குவாண்டம் வகையின் இன்சைட் கேபின்களில் வெளிக் கேமராவின் நேரடிக் காட்சியைக் காட்டும் 80 அங்குலத் திரை உண்டு. விடிந்ததா இல்லையா என்றாவது தெரியும். படி இல்லாத குளியலறை வேண்டுமென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான கேபின் தனியாக உண்டு. தேவையைத் தெரிவித்துப் படிவம் கொடுக்க வேண்டும், ஏலத்தில் அது வராது.

தாமிரபரணி78:

நன்றி. வித்தியாசம் பார்த்தேன், தலைக்கு 110 காட்டுகிறது. ஏலம் வேண்டாம் என்று தோன்றுகிறது. அப்பா அம்மாவுக்கு மட்டும் பணம் கட்டி பால்கனி எடுத்து, நாங்கள் இன்சைடிலேயே இருந்தால் சரியா? எந்தப் பக்கம் எடுக்கலாம்?

உப்புக்காற்று:

சரியான யோசனை. பகலில் எல்லோரும் அந்தப் பால்கனியில் உட்காரலாம். அதே எட்டாம் தளத்தில், அதே லிஃப்ட் பகுதியில், உங்கள் கேபினுக்கு ஏறக்குறைய எதிர்வரிசையில் காலி இருக்கிறதா என்று எண்ணைச் சொல்லியே கேளுங்கள். அடுத்த கேபினோடு இணைப்புக் கதவு உள்ள எண்ணைத் தவிர்த்துவிடுங்கள். டெக் பிளானில் இரண்டு கேபினுக்கு நடுவே சின்ன அம்புக்குறி போட்டிருப்பார்கள். பூட்டியிருந்தாலும் பக்கத்து வீட்டுப் பேச்சு சுவர் வழியாக வருவதைவிட அந்தக் கதவு வழியாக நன்றாகவே வரும்.

பக்கம் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம். வடக்கே போகும்போது சூரியன் மறைவது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். படோங்கில் நங்கூரத்தில் நிற்கும் கப்பல் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்பத் திரும்பிக்கொண்டே இருக்கும், அதனால் கரை எந்தப் பக்கம் என்பது நேரத்துக்கு நேரம் மாறும்.

கடற்காகம்:

இன்னொன்று. முகவரிடம் பேசும்போது "இந்த எண்ணில் பார்வை மறைப்பு உண்டா" என்று நேரடியாகக் கேளுங்கள். தாழ்ந்த தளங்களில் உயிர்காப்புப் படகு பால்கனியின் பார்வையை மறைக்கும் எண்கள் சில கப்பல்களில் உண்டு, அவை சற்று மலிவாக வரும். மாற்றியதும் புது உறுதிச்சீட்டு மெயிலில் வர வேண்டும், அதில் கேபின் எண் இருக்கிறதா, "கேரண்டி" என்று இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாவிட்டால் அன்றே திருப்பிக் கேளுங்கள். அப்பா அம்மா பெயரில் ஏற்கெனவே ஏலம் ஏதாவது பதிவாகியிருந்தால் அதை முதலில் ரத்து செய்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் நீங்கள் தேர்ந்தெடுத்த கேபினிலிருந்தே வேறொன்றுக்குத் தூக்கிப் போட்டுவிடும்.