கிராஸிங் ஜோர்டன்: ஜோர்டன் ஏன் வுடியை அத்தனை வருடம் காக்க வைத்தாள்?

பின்னிரவு வாசகி:
மூன்றாவது முறையாக ‘கிராஸிங் ஜோர்டன்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் முழுவதையும் பார்த்து முடித்தேன். ஆறு சீசன், 117 எபிசோட். அன்றிலிருந்து எனக்கும் அக்காவுக்கும் ஓயாத வாக்குவாதம். தன்னைக் காதலிக்கும் போலீஸ் துப்பறிவாளன் வுடி மாதிரி ஒரு நல்ல மனுஷனை நாயகி ஜோர்டன் வருடக்கணக்கில் அலைக்கழித்துவிட்டாள் என்பது அக்காவின் கட்சி. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை.

இந்தக் கதையில் எல்லாவற்றுக்கும் வேர் ஜோர்டனுக்கும் அவள் அப்பா மேக்ஸுக்கும் இடையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சின்ன வயசிலேயே அம்மா கொலையாகிவிடுகிறார். அப்பா போலீஸ்காரர். கொன்றது யாரென்று தெரியாமலே வளர்ந்த மகள், பாஸ்டனில் பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவராகிறாள். ஆரம்ப சீசன்களில் அப்பாவும் மகளும் ஆடும் அந்த விளையாட்டு நினைவிருக்கிறதா? ஒருவர் கொலையாளி, இன்னொருவர் செத்துப்போனவர். அந்த ஆளாகவே மாறிப் பேசிப் பேசி வழக்கின் முடிச்சை அவிழ்ப்பார்கள். எனக்கு அந்தக் காட்சிகள் பயமாகவும் இருக்கும், பாசமாகவும் இருக்கும். அவ்வளவு நெருங்கி உட்கார்ந்து பேசுகிற அதே அப்பா, அம்மாவின் சாவைப் பற்றி எதையோ மறைக்கிறார் என்ற சந்தேகமும் அவளை விடவே இல்லை.

இப்படி வளர்ந்தவளிடம் ஒருவன் வந்து அன்பைச் சொன்னால், இவன் எதை மறைக்கிறான் என்றுதானே மனசு முதலில் தேடும்? யாருக்காவது இப்படித் தோன்றியிருக்கிறதா? அப்புறம் இன்னொரு கேள்வி: மேக்ஸ் கதையிலிருந்து விலகிய பிறகு அந்த இடத்துக்கு யார் வந்தார்கள்? அவளுடைய தலைமை மருத்துவர் காரெட் மேசிதானா?

வடக்குச் சாளரம்:
நீங்கள் சொல்வது முதல் மூன்று சீசனுக்குச் சரி. அதற்குப் பிறகு வுடியின் பங்கையும் கணக்கில் எடுக்க வேண்டும். நான்காம் சீசன் முடிவில் அவன் குண்டடி பட்டுக் கிடக்கிறான். ஜோர்டன் ஒருவழியாக வாய் திறந்து நேசிப்பதாகச் சொல்கிறாள். அவனோ, சாகப்போகிறவன் மேல் வந்த பரிதாபம் என்று நினைத்து அவளைப் போகச் சொல்லிவிடுகிறான். அவள் சொன்ன ஒரே தடவை அவன் நம்பவில்லை! எனக்கு இந்தத் தொடரிலேயே அதிகம் வலித்த இடம் அதுதான். அடுத்த சீசன் முழுக்க வுடி அவளிடம் காட்டிய கடுமையை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

கதைக்கு வெளியிலும் காரணம் உண்டு. ஜோர்டனாக நடித்த ஜில் ஹென்னஸி தாய்மை அடைந்திருந்ததால் மூன்றாம் சீசன் 2004 மார்ச்சில்தான் தொடங்கியது, வெறும் 13 எபிசோட். மெல்ல வளர்ந்துகொண்டிருந்த உறவு அங்கே அறுந்து, பிறகு அவசரமாக ஒட்டவைக்கப்பட்டது போல எனக்கு இருந்தது.

சவக்கூடத்து மருத்துவர்:
தடயவியல் மருத்துவம் எனக்குத் தொழில், அதனால் காரெட் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நிஜத்தில் எங்கள் வேலை இரண்டு கேள்விக்குப் பதில் சொல்வது. சாவுக்குக் காரணம் என்ன? அது எந்த வகை: இயற்கையா, விபத்தா, தற்கொலையா, கொலையா, முடிவுசெய்ய முடியாததா? சந்தேக நபரின் வீட்டுக் கதவைத் தட்டுவது எங்கள் வேலையே இல்லை. ஜோர்டன் எபிசோடுக்கு ஒருமுறையாவது அந்த எல்லையைத் தாண்டுகிறாள். ஒரு மருத்துவர் அப்படி நடந்தால் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையில் அவருடைய அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். கூடவே அலுவலகத்தின் பெயரும் போகும். அந்தப் பழி தலைமை மருத்துவர் மேல்தான் விழும்.

இது தெரிந்த கண்ணோடு காரெட்டைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸில் வேலை போய் வந்தவளை மறுபடியும் சேர்த்துக்கொண்டவர் அவர். திட்டுவார், கத்துவார், சஸ்பெண்ட் செய்வேன் என்பார். ஆனால் மேலிடத்தில் அவளுக்காகப் பேசப் போவதும் அவரேதான். இத்தனைக்கும் சொந்த மகள் அபியிடம் அவரால் இரண்டு வார்த்தை இயல்பாகப் பேச முடியாது. மணமுறிவு, குடி, தனிமை என்று அவர் பக்கமும் நிறைய இருக்கிறது. அதனால் அவர் மேக்ஸின் இடத்துக்கு வந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். மேக்ஸ் மகளிடம் உண்மையை மறைத்துப் பாதுகாத்தவர். காரெட் உண்மையை முகத்துக்கு நேரே சொல்லிப் பாதுகாத்தவர். ஜோர்டன் யாரையாவது முழுசாக நம்பினாள் என்றால் இவரைத்தான். காரெட்டாக நடித்த மிகேல் ஃபெரர் 2017இல் இறந்த செய்தி வந்தபோது, கூட வேலை பார்த்த ஒருவரை இழந்தது போல இருந்தது.

மின்மினி:
ஜோர்டனோடு வேலை பார்க்கும் பக், லில்லி இருவரையும் யாரும் சொல்லவே இல்லையே! பூச்சிகளை வைத்துச் சாவின் நேரத்தைக் கணிக்கும் பக்கின் முழுப்பெயர் மகேஷ் விஜயராகவ… என்று ஆரம்பித்து ஒரு வரி முழுக்க ஓடும், நமக்கு மட்டும் அது மூச்சு வாங்காமல் சொல்லக்கூடிய பெயர். இறந்தவர்களின் குடும்பத்தாருக்கு ஆறுதல் சொல்வது லில்லியின் வேலை. நாள் முழுக்க மற்றவர்கள் அழுகையைத் தாங்குகிறவள் உடைந்து நிற்கும்போது பக்கத்தில் பக் இருப்பான், எதுவும் கேட்காமல். அவள் காரெட்டோடு பழகிய காலத்திலும் அப்படித்தான் இருந்தான். ஜோர்டன், வுடி இரண்டு பேரும் பேசிப் பேசிக் கெடுத்ததை இவன் பேசாமலே காப்பாற்றினான்.

பின்னிரவு வாசகி:
வடக்குச் சாளரம், குண்டடி காட்சி பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். கடைசி எபிசோடில், அந்த விமான விபத்துக்கு நடுவில் ஜோர்டன் மறுபடி அதையே அவனிடம் சொல்லும்போது எனக்கு ஏன் அவ்வளவு அழுகை வந்தது என்று இப்போது புரிகிறது. ஒருமுறை நம்பப்படாத வார்த்தையைத்தான் அவள் திரும்பச் சொல்கிறாள்.

டாக்டர், நீங்கள் எழுதியதை அப்படியே அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “மேக்ஸ் யாரு?” என்றாள். நான்காம் சீசனிலிருந்துதான் பார்க்கவே ஆரம்பித்தாளாம்! இன்று இரவு முதல் எபிசோடிலிருந்து இருவரும் சேர்ந்து பார்க்கிறோம்.