மாசிக் கடைசியில் தோட்டத்தில் மிஞ்சிய காய்: நீங்கள் என்ன செய்தீர்கள்?

கள்ளிமந்தையம் பக்கத்திலிருந்து:

எங்களுடையது 60 சென்ட். இயற்கை விவசாயத்தை ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்த நம்மாழ்வார் ஐயா, கரூர் மாவட்டம் கடவூரில் தொடங்கிய வானகம் பண்ணைக்கு என் கணவர் பயிற்சிக்குப் போய் வந்தார். அதிலிருந்து உர மூட்டையும் பூச்சிமருந்தும் தோட்டத்துக்குள் வரவில்லை. ஆடிப்பட்டத்தில் கத்தரி, வெண்டை, தக்காளி; பந்தலில் அவரையும் பீர்க்கனும். சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்து ஊறவைத்த பஞ்சகவ்யத்தைப் பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து தெளித்துக்கொண்டே வந்தால், தை வரைக்கும் காய்க்குக் குறைவில்லை.

மாசி பிறந்தால் கதை மாறிவிடும். வெயில் ஏற ஏறக் கத்தரி குட்டையாகும், தோல் தடிக்கும், அடியில் புழு துளைத்த ஓட்டை தெரியும். வெண்டை இலை மஞ்சளோடிவிடும். இதை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனால் வண்டி வாடகைக்கே சரியாகிவிடும். முதல் இரண்டு வருடமும் மாட்டை உள்ளே விட்டு மேய்த்துவிட்டு உழுதுவிட்டோம். எவ்வளவு சாப்பாட்டை உழுது புதைத்தோம் என்று நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

மூன்றாம் வருடம் என் மாமியார் தடுத்தார். "உழவு எங்கயும் போயிடாது கண்ணு, ஒரு நாள் எனக்கு விடு" என்றார்.

மறுநாள் பனி காயும் முன்னே கூடையோடு இறங்கினோம். அத்தை நேராக அவரைப் பந்தலுக்குப் போனார். கொடி அவரை பனிக்காலத்துப் பயிர். பகல் குறுகினால்தான் பூக்கும், மார்கழி தையில் காய்த்துத் தள்ளும். மாசிக் கடைசியில் பூ நின்றுபோய்க் காய் மட்டும் தொங்கும். அந்தக் காயை அவர் மூன்று கூடையாகப் பிரித்தார். அமுக்கினால் மெத்தென்று இருப்பது பொரியலுக்கு. தோல் மஞ்சளாகி நாரோடி, உள்ளே கொட்டை புடைத்திருப்பது உரித்துக் குழம்புக்கு. காகிதம் மாதிரி காய்ந்து, காதருகே ஆட்டினால் கலகலவென்று கேட்பது விதைக்கு. நடுக்கூடைக் காயை நான் அதுவரைக்கும் 'முற்றிப்போச்சு' என்று மாட்டுக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

திண்ணையில் உட்கார்ந்து உரித்தோம். முதுகு நாரை நகத்தால் கிழித்தால் தோல் இரண்டாகப் பிளந்துகொள்ளும். உள்ளே நாலு கொட்டை, சில காயில் ஐந்து. ஈரமாக, இளம்பச்சையாக, ஒவ்வொன்றின் விளிம்பிலும் சுண்ணாம்பால் இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. ஒரு மணி நேரத்தில் ஒன்றரைப் படி சேர்ந்தது. புழு விழுந்த கத்தரியை எறியாமல், ஓட்டை இருக்கிற பக்கத்தைத் தாராளமாக அரிந்து தள்ளிவிட்டு நல்ல பக்கத்தை எடுத்துக்கொண்டார். சின்ன வெங்காயம், வரமல்லி, சீரகம், வரமிளகாய், கொஞ்சம் தேங்காய் எல்லாம் வறுத்து அம்மியில் அரைத்து, கொட்டை பாதி வெந்ததும் கத்தரியைப் போட்டு, கடைசியில்தான் புளி. புளியை முதலிலேயே ஊற்றினால் கொட்டை வேகாது. கம்பஞ்சோற்றுக்கு அந்தக் குழம்பு. தை மாசத்துப் பிஞ்சில் இந்த ருசி வந்ததே இல்லை. அதை அடித்துச் சொல்வேன்.

பழுக்காமல் நின்ற பச்சைத் தக்காளியை நல்லெண்ணெயில் வதக்கி, வறுத்த எள்ளும் பச்சைமிளகாயும் வைத்துத் துவையல். முற்றின பீர்க்கன் கொடியிலேயே காயட்டும் என்று விட்டுவிட்டார்; விதையும் ஆயிற்று, முதுகு தேய்க்க நாரும் ஆயிற்று.

உங்கள் பக்கம் எப்படி?

மன்னார்குடியிலிருந்து:

படிக்கும்போதே பசிக்கிறது அக்கா. எங்கள் வீட்டில் கடைசிக் கத்தரியும் கொத்தவரையும் வற்றலுக்குத்தான். கத்தரியை நீளமாக அரிந்து, உப்பும் மஞ்சள்தூளும் போட்ட கொதிதண்ணீரில் ஒரே கொதி விட்டு, வடித்து, பாயில் பரப்பினால் மாசி, பங்குனி வெயிலுக்கு நாலைந்து நாளில் காய்ந்துவிடும்.

நான் முதல் தடவை செய்தபோது மூன்றாம் நாளே அள்ளி டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். மேலே தொட்டால் காய்ந்துதான் இருந்தது. பத்து நாள் கழித்துத் திறந்தால் பூஞ்சைக்காளான் பூத்து வாடை அடித்தது, மொத்தத்தையும் கொட்டினேன். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, ஒடித்தால் டப்பென்று ஒடிய வேண்டும் என்று அம்மா அப்புறம் சொல்லிக்கொடுத்தார். இப்போது ஒவ்வொரு பாயிலும் பத்துத் துண்டாவது ஒடித்துப் பார்க்காமல் அள்ளுவதில்லை. ஐப்பசி மழையில் காய் கிடைக்காத நாளில் அந்த வற்றலைப் போட்டுக் குழம்பு வைத்தால் வீடே மணக்கும்.

சத்தியமங்கலத்திலிருந்து:

எல்லாவற்றையும் சமைக்கலாம், சரி. சுரைக்காயில் மட்டும் எல்லோரும் ஜாக்கிரதையாக இருங்கள். போன வருடம் எங்கள் வேலியோரம் தானாக முளைத்த கொடியில் கடைசியாக மூன்று காய் நின்றது. பார்க்க நல்ல காய்தான். கூட்டு வைத்தேன், கசந்தது. வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நானும் என் மகனும் ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டோம். ஒரு மணி நேரத்துக்குள் இருவருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. அவனுக்கு டிரிப்ஸ் ஏற்றும் அளவுக்குப் போய்விட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் பேய்ச்சுரை படர்ந்து கிடந்தது எங்களுக்குப் பிறகுதான் உறைத்தது. அதன் மகரந்தம் நல்ல சுரைப்பூவில் சேர்ந்தால், அந்த வருடக் காய் நன்றாகத்தான் இருக்கும். அதன் விதையில் முளைத்த கொடிதான் கசக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. நறுக்கியதும் ஒரு துணுக்கை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயைக் குழியில் போடுங்கள், மாட்டுக்கும் வேண்டாம்.

கள்ளிமந்தையம் பக்கத்திலிருந்து:

மகன் இப்போது நன்றாக இருக்கிறானா அண்ணா? இதை எழுதியதற்கு நன்றி. எங்கள் வேலியையும் இன்று சாயந்திரம் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

விதைக்கென்று விடும் செடியைக் கடைசி நாளில் தேடினால் கிடைக்காது. தையிலேயே நல்ல செடியில் துணி கட்டி வைக்கிறோம். கத்தரி செடியிலேயே மஞ்சளாகப் பழுத்த பிறகு பறித்து, சதையைப் பிசைந்து தண்ணீரில் அலசினால் நல்ல விதை அடியில் தங்கும், மிதப்பதைக் கொட்டிவிடலாம். நிழலில் காயவைத்துச் சாம்பல் புரட்டி வைப்போம். ஒட்டுரக விதையில் நான் ஒரு தடவை இப்படி எடுத்துப் போட்டு, மறுவருடம் நீளம், உருண்டை, வரி, வெள்ளை என்று ஒரே பாத்தியில் நாலு விதமாகக் காய்த்தது. அதனால் நாட்டு விதைக்கு மட்டும்தான் இந்த வேலை.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. அந்த மூன்றாம் வருடம் சமையல் முடிந்த மறுநாள் டிராக்டர் வந்தது. அத்தை வெற்றிலையை மென்றுகொண்டே பந்தல் காலடியில் போய் நின்றுகொண்டார். "கொடியை அறுத்துக்கோ, அவரைத் தூரை மட்டும் விட்டுடு" என்றார். காய்ந்த குச்சி மாதிரி இருந்த மூன்று தூர். டிரைவர் முனகிக்கொண்டே சுற்றி ஓட்டினார். சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது. பத்தாம் நாள் மூன்றில் இரண்டு தூர் துளிர்த்தது. நாங்கள் ஆடியில் புது விதை ஊன்றும்போது அந்தப் பழைய கொடி பந்தலில் பாதி ஏறியிருந்தது.