4கே டிஸ்க் போட்டால் மட்டும் டிவி திரை கறுத்துப் போகிறது

இரண்டு மாதமாக இதோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது. 4கே புளூ-ரே டிஸ்க் ஓடும்போது பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரை இரண்டு மூன்று வினாடி முழுக்கக் கறுத்து, பிறகு தானாகவே திரும்பி வருகிறது, அந்த நேரத்தில் சத்தமும் போய்விடுகிறது.

டிவி 55 அங்குலம், 4கே, 2021-இல் வாங்கியது. எச்.டி.எம்.ஐ 2.0 (படமும் சத்தமும் போகும் கேபிள் இணைப்பு), எச்.டி.சி.பி 2.2 (அந்த இணைப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு) இரண்டும் உண்டு. பிளேயர் புதுசு, நடுவில் ரிசீவர் எதுவும் இல்லாமல் நேராக டிவியில்தான் செருகியிருக்கிறேன். சாதாரண 1080பி புளூ-ரே, பழைய டிவிடி எல்லாம் மணிக்கணக்கில் சிக்கலே இல்லாமல் ஓடுகின்றன. டிவிக்குள் இருக்கும் ஆப்களில் எச்.டி.ஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும் முறை) படம் பார்த்தாலும் ஒன்றும் ஆவதில்லை.

கேபிளை மாற்றினேன், இப்போது இருப்பது 2 மீட்டர், 18 ஜிபிபிஎஸ் (வினாடிக்கு 18 கிகாபிட்) வேகத்துக்குச் சான்று பெற்றது. மூன்று போர்ட்டிலும் செருகிப் பார்த்தேன், ஒவ்வொன்றுக்கும் டீப் கலர் அமைப்பை (முழு 4கே எச்.டி.ஆர் சிக்னலை போர்ட் ஏற்கச் செய்வது) தனித்தனியாக ஆன் செய்துதான். இரண்டு கருவியின் மென்பொருளையும் புதுப்பித்தேன். அப்புறம், 66 ஜிபி டிஸ்க், 100 ஜிபி டிஸ்க் இரண்டிலுமே இப்படித்தான், அதனால் டிஸ்க் மேல் சந்தேகம் இல்லை. பிளேயரில் எச்.டி.ஆரை அணைத்தால் கறுப்பது நின்றுவிடுகிறது, ஆனால் அதை அணைத்துவிட்டுப் பார்க்க 4கே டிஸ்க் எதற்கு?

கைவசம் வேறு 4கே டிவியோ பிளேயரோ இல்லை. கோளாறு பிளேயரிலா, டிவியின் எச்.டி.எம்.ஐ பலகையிலா என்று வீட்டிலேயே பிரித்துக் கண்டுபிடிக்க என்ன சோதனை செய்யலாம்?